அப்பா போடும் கையெழுத்தே அவருக்கு எதிரான சாட்சி: ஆவணப்படம் எடுக்கும் மாணவிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

கடிதத்தின் சுருக்கம் (பெயர், ஊர், கல்லூரி நீக்கப்பட்டுள்ளன): தமிழ்நாட்டில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு படிக்கும் மாணவி எழுதியிருக்கிறார். நான்கு பேர் சேர்ந்து, இளைஞர்கள் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வது பற்றி இருபது நிமிட ஆவணப்படம் எடுக்கத் திட்டம். மார்ச் கடைசியில் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு யூடியூபிலும் திரைப்பட விழாக்களிலும் காட்ட ஆசை. படத்தின் மையம் இவருடைய சித்தி மகன். பிளஸ் டூ படிக்கிறான், டிசம்பரில்தான் 18 முடிகிறது. அப்பாவின் 125 சிசி பைக்கில் தினமும் டியூஷனுக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே, இன்னும் வீடு எழும்பாத மனைப்பிரிவுச் சாலைகளில் அண்ணனிடம் கார் பழகுகிறான். அவனைத் தவிர மூன்று பேர்: வீட்டுக்குத் தெரியாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கும் 19 வயதுப் பெண், எட்டு போடும்போது காலை ஊன்றிவிட்டு ஏமாற்றத்தோடு திரும்பிய ஒரு கல்லூரி மாணவர், 16 வயதில் விபத்து ஏற்படுத்தி, வழக்கு இன்னும் முடியாத ஒரு பையன். ஆர்டிஓ அலுவலகத்தில் மறைகேமரா வைத்து புரோக்கர்களைக் காட்டவும் எண்ணம். "கல்விக்காக எடுப்பதால் பிரச்சினை வராதுதானே? தம்பி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான், சித்தப்பாவும் போடத் தயார். தேவைப்பட்டால் முகத்தை மங்கலாக்கிவிடுவோம். வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

அன்பு மாணவிக்கு,

நல்ல விஷயத்தைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். இந்தப் படத்தை எடுக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உங்கள் திட்டத்தில் சட்டம் மிகப் பெரிதாக இடிக்கும் இடம் ஒன்றுதான்: 18 முடியாத பையன் சாலையில் வண்டி ஓட்டும் காட்சி. விபத்து வழக்கில் உள்ள பையனையும் மறைகேமராவையும் விட்டுவிட்டால், மற்றவற்றை எல்லாம் ஒரு கடிதம், ஓர் அனுமதி, கொஞ்சம் முன்யோசனை இருந்தால் சரிசெய்துவிடலாம். ஆனால் அந்த ஒரு காட்சியைப் பற்றி நீங்கள் நம்பிக்கொண்டிருப்பது அநேகமாக எல்லாமே தவறு. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தம்பி, சித்தப்பா, அந்தப் படிவம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 4-ஆவது பிரிவுப்படி 18 வயது முடியாதவர் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக்கூடாது. 16 முடிந்தவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் அது 50 சிசிக்கு மிகாத வண்டிக்கு மட்டும், அதுவும் உரிமம் எடுத்த பிறகு. இன்று நம் தெருவில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் அநேகமாக எல்லாமே அதைத் தாண்டியவைதான். 125 சிசி பைக்குக்கு இந்தச் சலுகை கிட்டவே வராது.

மனைப்பிரிவுச் சாலையில் ஆள் நடமாட்டமே இல்லை, அது தனியார் இடம் மாதிரிதானே என்று எழுதியிருக்கிறீர்கள். இதே சட்டம் 'பொது இடம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் ஆள் நடமாட்டம் பற்றிய பேச்சே இல்லை. பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள எந்த இடமும் பொது இடம்தான். வீடு எழும்பாத மனையிலும் சாலை சாலைதான்.

2019-இல் வந்த திருத்தம், அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் 199ஏ என்ற புதிய பிரிவைக் கொண்டுவந்தது. சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் அவருடைய பாதுகாவலர் அல்லது வண்டியின் உரிமையாளரே குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் மட்டுமல்ல, எல்எல்ஆர் எனும் பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது. டிசம்பரில் 18 ஆகப்போகும் ஒருவனுக்கு இது ஏழு வருடத் தண்டனை.

இப்போது சித்தப்பா கையெழுத்துப் போடத் தயாராக இருக்கும் அந்தப் படிவத்துக்கு வருவோம். 199ஏ-யின்படி, வண்டியைப் பையன் எடுத்தது பெற்றோரின் சம்மதத்தோடுதான் என்று நீதிமன்றம் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும். 'எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்' என்றோ, 'தடுக்க என்னால் முடிந்ததை எல்லாம் செய்தேன்' என்றோ நிரூபித்தால் மட்டுமே அவர் தப்பிக்க முடியும். மகன் பைக் ஓட்டுவதைப் படமெடுக்க ஒப்புக்கொள்கிறேன் என்று தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஒருவர் பிறகு எந்த முகத்தோடு 'எனக்குத் தெரியாது' என்று சொல்வார்? உங்களைக் காப்பாற்றும் என்று நீங்கள் நினைக்கும் காகிதம் அவருக்கு இருக்கும் ஒரே வாசலையும் சாத்திவிடும். அவர் அதைப் படிக்காமலேயே, அக்கா மகள் கேட்டாள் என்று கையெழுத்துப் போடுவார். நீங்கள்தான் அவருக்காகவும் யோசிக்க வேண்டும்.

தம்பியின் கையெழுத்துக்கு மதிப்பே இல்லை. 18 வயது முடியாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் முடிவு செய்த விஷயம். இன்றும் அதுதான் சட்டம். அதற்காக அவனிடம் கேட்காமல் எடுங்கள் என்று சொல்லவில்லை. அவனுக்கு விருப்பமா என்று கேட்பது மரியாதை. அது சட்டக் கவசம் ஆகாது, அவ்வளவுதான்.

முகத்தை மங்கலாக்குவது பற்றி: வண்டி எண், வீட்டு வாசல், டியூஷன் சென்டர் பலகை, குரல், கிரெடிட்டில் வரும் உங்கள் பெயர் என இவற்றில் எது தெரிந்தாலும் ஊரில் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதைவிட முக்கியம், மங்கலாக்குவது வெளியிடும் படத்தில்தான். ஹார்ட் டிஸ்கில் இருக்கும் மூலப் பதிவு தெளிவாகத்தானே இருக்கும்? ஏதாவது வழக்கு வந்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவில் அந்தப் பதிவைக் கொண்டுவந்து தரச் சொல்லலாம். 'இது கல்லூரி புராஜெக்ட்' என்பது அதை மறுக்கக் காரணமாகாது.

சரி, அவன் எப்படியும் ஓட்டத்தான் போகிறான், நாங்கள் சும்மா நின்று எடுக்கிறோம் என்று நீங்கள் கேட்கலாம். தற்செயலாகக் கண்ணில் பட்டதைப் பதிவு செய்வது வேறு. ஆனால் ஆவணப்படம் அப்படியா எடுக்கப்படுகிறது? 'வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை வளைந்து வா' என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வீர்கள். அந்த ஒரு வாக்கியத்தோடு நீங்கள் பார்வையாளர் நிலையிலிருந்து குற்றத்துக்கு உடந்தை என்ற நிலைக்குப் போகிறீர்கள். அந்த வளைவில் ஒரு முதியவர் குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஓட்டுநருக்கு உரிமம் இல்லாத விபத்துகளில், காப்பீட்டு நிறுவனத்தை முதலில் இழப்பீடு கொடுக்கச் சொல்லிவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதிப்பதுண்டு. சித்தப்பாவின் வீடு வரைக்கும் போகக்கூடிய கடன் அது.

அப்படியென்றால் கதையை விட்டுவிடுவதா?

வேண்டாம். ஆளை மாற்றுங்கள். 15 வயதில் அப்பாவின் பைக்கை எடுத்து ஓட்டியவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள்; இன்று 22, 23 வயது. அவர்களைக் கேமரா முன் உட்கார வைத்துப் பேச விடுங்கள். இதில் ஒரு சட்ட வசதியும் இருக்கிறது. ஓராண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றங்களை ஓராண்டுக்குப் பிறகும், மூன்றாண்டு வரை உள்ளவற்றை மூன்றாண்டுக்குப் பிறகும் நீதிமன்றம் பொதுவாக விசாரணைக்கு ஏற்க முடியாது. மேலே சொன்ன அதே சன்ஹிதாவின் 514-ஆவது பிரிவு இது. உரிமம் இல்லாமல் ஓட்டியதற்கான தண்டனை மூன்று மாதம் வரைதான். 199ஏ மூன்று ஆண்டுகள் வரை. ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய கதையைச் சொல்பவருக்கும் சரி, அவருடைய அப்பாவுக்கும் சரி, அது நினைவுதான், வாக்குமூலமாகத் திரும்பாது. யாரும் அடிபடாத கதையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. உயிரிழப்பு, பெரிய காயம் என்றால் கணக்கு வேறு, அப்போது என்னைப் போன்ற ஒருவரிடம் காட்டாமல் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் பையன்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது, சாவியைக் கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. சட்டமே பொறுப்பைப் பெரியவர்கள் தலையில்தான் வைத்திருக்கிறது. பஸ் நேரத்துக்கு வராத ஊரில், டியூஷன் இரவு ஒன்பதுக்கு முடிகிற வீட்டில், ஓர் அப்பா ஏன் மகனிடம் சாவியை நீட்டுகிறார்? அவரைக் குற்றவாளியாகக் காட்டாமலேயே இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். இது சட்ட ஆலோசனை இல்லை, ஒரு பார்வையாளராகச் சொல்கிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

விபத்து வழக்கில் உள்ள பையன்

இவரைப் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள். சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆவது பிரிவு, சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரின், அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக்கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவரே விரும்பினார், அவருடைய அம்மா சம்மதித்தார் என்பதெல்லாம் இங்கே உங்களுக்கு உதவாது. தவிர, விசாரணை நடக்கும்போது கேமரா முன்னால் அவர் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லும் ஒரு வார்த்தை, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் அவருடைய வழக்கறிஞருக்குத் தலைவலி ஆகும்.

19 வயதுப் பெண்

எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பிடித்த ஆள் இவர். சட்டப்படி இவர் விஷயம் எளிது: வயது வந்தவர், அவருடைய ஒப்புதல் மட்டும் போதும், வீட்டார் கையெழுத்து தேவையில்லை. ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் கற்றுக்கொள்கிறார் என்பது அவருடைய அந்தரங்கம். 1994-இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், ஆட்டோ சங்கர் வழக்கு என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும், உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. ஒருவரின் குடும்பம், கல்வி போன்ற சொந்த விஷயங்களை, அது உண்மையாகவே இருந்தாலும், பாராட்டியே எழுதினாலும், அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது. பொது ஆவணங்களில் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே அறிவித்துவிட்டது.

எனவே இவரிடம் வாங்கும் ஒப்புதல் 'படம் எடுக்கலாம்' என்ற ஒற்றை வரியாக இருக்கக்கூடாது. கல்லூரித் திரையிடலுக்குச் சம்மதமா, விழாவுக்குச் சம்மதமா, யூடியூபுக்குச் சம்மதமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டில் யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே வாய்விட்டுப் பேசுங்கள். அந்த உரையாடலைப் பதிவு செய்யாதீர்கள். எடிட் முடிந்ததும் அவருக்கு ஒருமுறை போட்டுக் காட்டி, அதற்குப் பிறகு யூடியூப் பற்றிய முடிவைக் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்தப் பகுதியை விடத் தயாராக இருந்தால் மட்டும் எடுக்கத் தொடங்குங்கள்.

ஓடும் வண்டியும் கேமராவும்

எல்எல்ஆர் வைத்திருப்பவர் ஓட்டலாம், ஆனால் நிபந்தனைகளோடு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3-ஆவது விதி: வண்டியை நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ முடிகிற இடத்தில், உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் இருக்க வேண்டும். உங்கள் திட்டத்தை நேரடியாகப் பாதிக்கும் வரி ஒன்றும் அதில் உண்டு. மோட்டார் சைக்கிள் பழகுபவர், கற்றுத்தருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. உங்கள் நண்பர் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து எடுப்பதாகச் சொன்ன அந்த ஷாட் சட்டப்படி இல்லை, உயிருக்கும் நல்லதில்லை. சாலையோரம் ட்ரைபாட் போடுங்கள். இல்லையென்றால், உரிமம் உள்ளவர் ஓட்டும் காரின் உள்ளேயிருந்து, பெல்ட் போட்டு, ஜன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டாமல் எடுங்கள்.

டிரைவிங் ஸ்கூல் கார்தான் உங்களுக்கு நல்ல களம். பயிற்சிப் பள்ளி வண்டியில் மாஸ்டர் பக்கமும் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது விதி. அவர் கால் பிரேக்கில் இருக்கும். எடுப்பதற்கு முன் பள்ளி உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கேமராவை வண்டி கிளம்பும் முன்பே பொருத்திவிடுங்கள், கண்ணாடிகளையும் மாஸ்டரின் பார்வையையும் அது மறைக்கக்கூடாது. ஓடும்போது யாரும் அதைத் தொட வேண்டாம். கற்பவரிடம் ஓடும்போது கேள்வி கேட்கவே கேட்காதீர்கள். முதல் வாரத்தில் கிளட்ச்சையும் கியரையும் சேர்த்துச் சமாளிப்பவருக்கு உங்கள் கேள்விக்கான இடம் மூளையில் இல்லை. இடித்தால் கவனம் சிதறக் காரணமானவர் என்று உங்களைத்தான் கைகாட்டுவார்கள். வண்டி நின்ற பிறகு, ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே பேசச் சொல்லுங்கள். படபடப்பு அடங்குவதற்கு முன் வரும் பேச்சு எப்படியும் நன்றாக இருக்கும்.

ஆர்டிஓ அலுவலகம்

மறைகேமரா வேண்டாம். பணம் கொடுப்பது போல நடித்து எடுக்கலாம் என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம், ஏழு ஆண்டுகள் வரை சிறை. முன்கூட்டியே காவல் துறைக்கோ லஞ்ச ஒழிப்புத் துறைக்கோ தெரிவித்துவிட்டுக் கொடுத்தால் பாதுகாப்பு உண்டு. 'அம்பலப்படுத்தத்தான் கொடுத்தோம்' என்று பிறகு சொல்வது தானாகவே பாதுகாப்பு ஆகாது என்பதை 2014-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புரோக்கர் என்று நீங்கள் காட்டும் ஆள் பக்கத்துக் கடைக்காரராக இருந்துவிட்டால் அவதூறு வழக்கு வேறு.

நேர்வழியில் போனால் இங்கே நிறைய கிடைக்கும். வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு உங்கள் கல்லூரித் துறைத் தலைவர் கையெழுத்தோடு கடிதம் கொடுங்கள். தேர்வுத் தளத்தில் எட்டு போடுவதை எடுக்க அனுமதி கேளுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) ஒருவர் பேச ஒப்புக்கொண்டால் உங்கள் படத்துக்கு அது பெரிய பலம். வரிசையில் நிற்பவர்களின் முகம், அவர்கள் கையில் உள்ள ஆதார் நகல் இவை ஃப்ரேமில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்றைக்கே ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் அந்த அலுவலகம் கொடுத்த எல்எல்ஆர் எத்தனை, ஓட்டுநர் தேர்வுக்கு வந்தவர்கள் எத்தனை, தேறாதவர்கள் எத்தனை என்று கேளுங்கள். தேர்வுக்கு வந்தவர்களில் அநேகமாக யாருமே தேறாமல் போகவில்லை என்று பதில் வந்தால், அந்தக் காகிதத்தைத் திரையில் காட்டுங்கள். கால் ஊன்றித் திரும்பிய உங்கள் நண்பரையும் பக்கத்தில் வையுங்கள். எந்த மறைகேமராவாலும் அதைவிட அதிகம் சொல்ல முடியாது, யாரும் உங்கள்மேல் வழக்கும் போட முடியாது.

பாட்டு, திரையிடல்

சுருக்கமாகவே சொல்கிறேன். பாடத்தின் பகுதியாக வகுப்புக்குள் ஒரு திரைப்பாடலைப் பயன்படுத்த பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு ஓரளவு இடம் தருகிறது. யூடியூபுக்கும் விழாவுக்கும் அது பொருந்தாது. கல்லூரியில் இசை தெரிந்த யாரையாவது பிடித்து எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுமக்களுக்கு அரங்கில் திரையிட வேண்டுமென்றால் தணிக்கைச் சான்றிதழ் தேவைப்படும். விழாக்களுக்கு விலக்கு பெறும் நடைமுறையை விழாக் குழுவினரே சொல்வார்கள்.

டிசம்பர்

கடைசியாக, தம்பி. அவனைப் படத்திலிருந்து எடுக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்படைக்க வேண்டியது மார்ச் கடைசியில். அவனுக்கு 18 முடிவது டிசம்பரில். பிறந்தநாள் முடிந்ததும் எல்எல்ஆருக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும், வாங்கி 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். அப்படியென்றால் பிப்ரவரிக்குள் அவன் எட்டு போடுவதையே எடுத்துவிட முடியும். ஒரு வருடமாக ஓட்டிய பைக்கில், இப்போது எல் போர்டு மாட்டிக்கொண்டு, பின்னால் சித்தப்பாவை உட்காரவைத்துப் போகும் பையன் என்ன நினைப்பான் என்று அன்றைக்குக் கேட்காதீர்கள். 'ஒரு வருடமாக' என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தால் மேலே சொன்ன காலவரம்பு அவனுக்குப் பொருந்தாது. எல்எல்ஆர் வாங்கிய நாளிலிருந்து மட்டும் பேசச் சொல்லுங்கள்.

அதுவரை, அவனை வைத்து ஏற்கெனவே எடுத்திருக்கும் சோதனைக் காட்சிகள் ஏதாவது இருந்தால், எதுவும் செய்யாமல் அப்படியே வைத்துக்கொண்டு, முதலில் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு உங்கள் ஊரில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், 18 முடியாதவர்களுக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாகவே ஆலோசனை தருவார்கள். அவன் கையெழுத்திட்ட படிவத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். சித்தப்பாவை மட்டும் இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள்.